கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓர் இடம்

பந்தில்லாமல் நடக்கும் பந்தாட்டப் பயிற்சியை அஞ்சலாட்சி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

கடற்கரை மில்லின் ஆட்டக்காரர்கள் உப்பளம் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். குந்தினார்கள், எழுந்தார்கள், ஒருவனை ஒருவன் முதுகில் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஓடினார்கள். பந்துகள் வலைப்பைக்குள் ஓரமாகக் கிடந்தன. அவற்றை யாரும் சீண்டவில்லை.

"இன்னாடா இது, மெட்ராசுக்குப் பந்தாடப் போறாங்களா, மூட்டை தூக்கப் போறாங்களா?"

அஞ்சலாட்சியின் குரல் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் வஞ்சிரத்துக்கு விலை சொல்லிப் பழகிய குரல். மைதானத்தின் மறு கோடிவரை கேட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. கோல் காக்கும் கோலியை முதுகில் சுமந்து வந்த கேப்டன் சகாயநாதனும் சிரித்துவிட, இரண்டு பேரும் சேர்ந்து மண்ணில் விழுந்தார்கள். புதிதாக வந்திருந்த கோச் தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சத்தம் வந்த திசையை நிதானமாகப் பார்த்தார்.

அவர் பார்த்தது கோல் கம்பத்துக்குப் பின்னால் காலி மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையை. கண்டாங்கிச் சேலை, தலையில் அவிழ்க்காத சும்மாடு, வாய் நிறைய வெற்றிலை.

அந்த இடம் அவளுக்குப் பழக்கமான இடம். வைத்திக்குப்பத்துக் கரையில் விடியலில் மீன் எடுத்து, பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று, மிஞ்சியதை மத்தியானத்துக்கு மேல் உப்பளத்துத் தெருக்களில் கூவி முடித்தால் பொழுது சாயும். பல வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒரு நாள், கால் வலிக்கிறதே என்று மைதானத்து ஓரமாகக் கூடையை இறக்கினாள். கப்பலில் வந்த வெள்ளைக்கார மாலுமிகளுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இன்ன பக்கம் இன்னாருடையது என்றுகூட அவளுக்குத் தெரியாது. மெலிந்த ஒரு இளவட்டம் மூன்று மாலுமிகளுக்கு நடுவில் புகுந்து பந்தை வெளியே எடுத்தான். அதைப் பார்த்து யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்தியது தான்தான் என்று அஞ்சலாட்சிக்குப் புரிந்தபோது, அவள் கூடையை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்த இளவட்டம்தான் சகாயநாதன்.

அன்று முதல் அவள் வராத சாயங்காலம் குறைவு. பிரெஞ்சுக் கொடி இறங்கி வேறு கொடி ஏறியது. அப்போதும் வந்தாள். கடற்கரை மில் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கி, பேருக்கு மில் வேலையும் பிழைப்புக்குப் பந்தாட்டமுமாக ஒரு டீம் கட்டியபோது, அந்த டீமை அவளும் தன்னுடையதாக வரித்துக்கொண்டாள். ஆட்டம் இருக்கிற நாளில் ஊரே வரும். பயிற்சி நாளில்தான் அவளுக்கு ருசி அதிகம். யார் சோம்பேறி, யாருக்கு யார்மேல் கோபம், யார் இடது காலால் உதைக்க வராமல் அதை ஒளித்து வைக்கிறான் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

போன வருஷம் சென்னைப் போட்டியில் டீம் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. மில் கமிட்டிக்கு அவமானம். இந்த வருஷம் பட்டாளத்தில் ஆடிப் பேர் எடுத்த தணிகாசலத்தை வரவழைத்துப் பயிற்சி முகாம் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அஞ்சலாட்சி வந்தபோது மைதானத்து வாசல் சாத்தியிருந்தது. காவல்காரன் கன்னியப்பன் குறுக்கே நின்றான்.

"யாரும் உள்ள வரக்கூடாதுன்னு கோச்சு உத்தரவுக்கா. வேடிக்கை பாக்கறவங்க கத்துறதுல ஆளுங்களுக்குக் கவனம் சிதறுதாம்."

அஞ்சலாட்சி கம்பிக்கு இடையில் எட்டிப் பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் வரிசையாக நாற்காலிகள். அவற்றில் கமிட்டிக்காரர்கள், மில் முதலாளியின் மைத்துனர், பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, ஊரார் முசியே என்று அழைக்கும் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர். முசியேயின் பேரன் சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

"அவங்கல்லாம் யாரு?"

"அவங்க பெரிய மனுசங்க."

"அந்தப் பொடியன்?"

கன்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்தான். குரலைத் தணித்து, "என் வேலைக்கு வேட்டு வச்சிடாதக்கா," என்றான். அவன் முகத்துக்காக அவள் அன்றைக்குத் திரும்பிப் போனாள். போகும்போது நடை அவளுக்கே பிடிக்கவில்லை. திருடி அகப்பட்டவள் மாதிரி வேகமாக நடக்கிறோமே என்று தோன்றி, வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. விடிந்து கரையில் வலை உதறிக்கொண்டிருக்கும்போது குப்பத்துப் பஞ்சாயத்துக்குத் தலைவரான நாட்டார் காத்தவராயன் வந்து நின்றார். யாரோ ஒரு கமிட்டிக்காரர் மீன் வியாபாரி மூலமாக அவர் காதில் போட்டிருக்கிறார். அவர் அஞ்சலாட்சியைப் பார்க்காமல் அவள் புருஷன் கலியமூர்த்தியைப் பார்த்துப் பேசினார்.

"அரைக்கால் சட்டை போட்டுக்கினு ஆம்பளைங்க குதிக்கிற எடத்துல உன் பொஞ்சாதிக்கு இன்னா வேலை? குப்பத்துக்குக் கெட்ட பேரு. இனிமே போவக்கூடாது."

கலியமூர்த்தி அதிகம் பேசாத ஆள். வலைக்கண்ணில் சிக்கிய நண்டை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"மார்க்கெட்டுல ஊரு ஆம்பளைங்க நடுவுலதான் அவ உக்காந்து விக்கிறா. அப்ப ஒருநாளும் பஞ்சாயத்து கூடலையே நாட்டாரே."

"அது பொழப்பு."

"இது அவளுக்குப் புடிச்சது," என்றான் கலியமூர்த்தி.

நாட்டார் முகம் கறுத்தது. "அப்புறம் கோயில் காரியத்துல உங்க வீட்டைத் தள்ளி வச்சாங்கன்னா எங்கிட்ட வராத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கலியமூர்த்தியின் தைரியமும் பாதி போய்விட்டது. "இன்னிக்கு ஒரு நாளு போவாம இருந்தா இன்னா, அஞ்சல?" என்று கேட்டான்.

"இன்னிக்கு நின்னுட்டன்னா நாளைக்கும் போவ முடியாதுய்யா. அப்புறம் எப்பவும் முடியாது."

"அடிச்சு வெரட்டுனா?"

"அடிக்கட்டும். வாங்கிக்கினு உக்காந்திருப்பேன்."

அவன் மறுபடி வலையை உதற ஆரம்பித்தான்.

அன்றைக்கு அவள் வாசல் பக்கமே போகவில்லை. மைதானத்தின் பின்புறம், உப்புத்தரைப் பக்கமாக, இடிந்த குட்டைச் சுவர் ஒன்று உண்டு. ஆடுகள் வந்து போகிற வழி. கூடையை முதலில் உள்ளே போட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஏறி இறங்கினாள். கன்னியப்பன்மேல் பழி வராது. நேராகப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

ஆட்டக்காரர்கள் பார்த்தார்கள். இடது ஓரத்தில் லெஃப்ட் அவுட் ஆடுகிறவன் பந்தைத் தவறவிட்டான். தணிகாசலம் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளை நோக்கி நடந்து வந்தார். கோபமாக வரவில்லை. பட்டாளத்துக்காரர், அளந்துதான் நடப்பார்.

"ஏம்மா, உத்தரவு போட்டிருக்கறது தெரியாதா?"

"தெரியும் ஐயா."

"அப்புறம் என்ன?"

"நான் வாயத் தொறக்கல. தொறக்க மாட்டேன். பாக்கத்தான் வந்தேன்."

"இது சினிமாக் கொட்டகை இல்ல. நான் இவங்கள இன்னும் கொஞ்ச நாள்ல தயார் பண்ணியாகணும். ஒருத்தருக்கு விட்டா ஊருக்கே விடணும்."

"ஒருத்தருக்கா? அங்க ஒரு வரிசையே உக்காந்திருக்குது."

தணிகாசலம் மரத்தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவங்க கமிட்டி," என்றார். பிறகு, அதுவரை இருந்த நிதானம் கொஞ்சம் நழுவி, "பொம்பளைங்க வந்து குந்தற எடமா இது? மீன் நாத்தம் வேற," என்றார்.

அஞ்சலாட்சிக்குக் காது மடல் சுட்டது. மீன் வாடை என்று மூக்கைச் சுளிக்கிறவர்களை அவள் தினம் பார்க்கிறவள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுளிப்பார்கள். ஆனால் இந்த மைதானத்தில் இதுவரை யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"கதவைச் சாத்துனா எல்லாருக்கும் சாத்துங்க ஐயா. அவங்க எழுந்திரிச்சுப் போனா நானும் போயிடறேன். அவங்க உக்காந்திருக்கற வரைக்கும் நானும் உக்காந்திருப்பேன்."

தணிகாசலம் திரும்பி நடந்தார். ஆட்டக்காரர்களை நடுவட்டத்துக்குக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அந்தம்மா எழுந்து போற வரைக்கும் பந்து உருளாது. யாரும் எடத்தை விட்டு அசையக்கூடாது."

நின்றார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வியர்வை காயாத முதுகுகளில் ஈ மொய்த்தது. யாரும் கையை எடுத்து ஓட்டவில்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது. அஞ்சலாட்சி வெளியே கல் மாதிரி இருந்தாளே தவிர, உள்ளே பயந்துதான் இருந்தாள். கோச்சுக்கு அவள் பயப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் தன்னை வெறுத்துவிடுவார்களோ என்றுதான் பயம். அவர்களுடைய சாயங்காலத்தை அல்லவா தின்றுகொண்டிருக்கிறாள்? எழுந்துவிடலாமா என்று ஒரு தரம் கையை ஊன்றக்கூடச் செய்தாள். மரத்தடியில் முதலாளியின் மைத்துனர் கால்மேல் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

முசியேதான் எழுந்து வந்தார். வயசானவர், மரியாதையான பேச்சு.

"அம்மா, எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். வீணா ஏன் பிடிவாதம்?"

"நாயம் முசியே. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க. உங்க பின்னாலயே நானும் வந்துடறேன்."

முசியே தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பேரனைப் பார்த்தார். சற்று நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் வரிசை குலைந்தது. சகாயநாதன் அசைந்தான். யாரையும் பார்க்காமல் ஓரத்துக்குப் போனான். வலைப்பையின் கயிற்றை அவிழ்த்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்தான். லெஃப்ட் அவுட் நின்ற பக்கம் தட்டிவிட்டான். அந்த ஆள் கோச்சைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான். பந்து அவன் காலில் வந்து மோதி நின்றது. அவன் திருப்பித் தட்டினான். மூன்றாவது ஆளும் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் கோலி தன் இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

தணிகாசலம் விசிலை எடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர்கள் ஆடியது மகா மட்டமான ஆட்டம். ஒருவன் கொடுத்தது ஒருவனுக்குப் போகவில்லை. எல்லோரும் கூச்சத்தோடும் குற்ற உணர்ச்சியோடும் கண்டபடி உதைத்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அஞ்சலாட்சி வாய் வலிக்கத் திட்டியிருப்பாள். கொடுத்த வாக்குக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளை யாரும் தடுக்கவில்லை. கன்னியப்பன் வாசலைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விரட்டப்பட்ட கூட்டம் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்தது. தணிகாசலம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் இரண்டு கட்சி பிரித்துப் பயிற்சி ஆட்டம் தொடங்கியபோது சகாயநாதன் மாற்று ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றான். நடுமைதானத்தில் அவன் ஆடும் சென்டர் ஹாஃப் இடத்தில் அரியாங்குப்பம் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை கிருஷ்ணசாமி நின்றான். மில்லில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். கேப்டன் பொறுப்பு கோலிக்குப் போயிருந்தது.

கூட்டத்தில் சைக்கிள் கடை அலெக்சாண்டர் முணுமுணுத்தான். அவனும் இந்த டீமுக்காகக் கடையைச் சாத்திவிட்டு வருகிறவன்.

"உன் வீம்பால ஒரு நல்ல ஆளு போச்சு, அஞ்சல."

"என் வீம்புன்னு நீ கண்டியா? நேத்து என்ன வெரட்டுனப்ப நீ எங்க இருந்த? இப்ப எவ தொறந்த வாசல்ல வந்து நிக்கற?"

அலெக்சாண்டர் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சொன்னது மட்டும் அவளுக்குள்ளே போய் முள்ளாக நின்றது.

முகாம் ஓடியது. அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். பந்தில்லாமல் ஓட விட்டதை அவள் கிண்டல் செய்தாளே, அந்த ஓட்டத்தின் பலன் இப்போது தெரிந்தது. ஆட்டம் முடிகிற நேரத்திலும் பிள்ளைகளுக்கு மூச்சு இருந்தது. அந்த விஷயத்தில் தான் சொன்னது தப்பு, அந்த மனிதருக்குத் தொழில் தெரியும் என்று ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதற்காக எழுந்து போகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கிருஷ்ணசாமி பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்துவிடுகிறான். சகாயநாதன் வாங்கிய பிறகுதான் பார்ப்பான். கிருஷ்ணசாமியிடம் பந்து போனால் ஆட்டம் நிற்பதில்லை. முதல் நாள் அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள். அடுத்த நாளும் அப்படியே இருந்து பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கண் இருக்கிறதே.

சென்னைக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசித்த அன்று சகாயநாதன் பெயர் வரவில்லை. அவன் மைதானத்தை விட்டு வெளியே வந்து, அஞ்சலாட்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். கயிற்று முடிச்சு அவிழவில்லை.

"தம்பி, என்னாலதான் உனக்கு இப்பிடி ஆச்சுன்னு ஆளாளுக்குப் பேசறாங்க," என்றாள்.

"அன்னிக்கு உனக்காக நான் ஆடலக்கா," என்றான் அவன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களாட்டம் எங்களை நிக்க வச்சாரு பாரு, அது எனக்குப் பொறுக்கல. நீ உக்காந்திருந்த, அது உன் இஷ்டம். நான் உதைச்சேன், அது என் இஷ்டம்."

முள் எடுபட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. கூடவே லேசாக ஒரு ஏமாற்றமும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வெற்றிலையைத் துப்பினாள்.

"நீயே சொல்லுக்கா. இத்தினி வருஷம் பாக்கற. என் எடத்துல அந்தப் பையன் ஆடறது நாயமா?"

பொய் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடையாது. இவன் அவளுக்கு வேண்டியவன். அவளைக் கத்த வைத்த முதல் ஆள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் போதும், சந்தோஷமாக எழுந்து போவான். அஞ்சலாட்சி அவன் முகத்தைப் பார்த்தாள். மீனுக்கு விலை சொல்லும்போது ஆயிரம் பொய் சொல்கிற வாய்தான். இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் வரமாட்டேன் என்றது.

"உன்ன டீம விட்டு எடுத்தது நாயம் இல்ல தம்பி. எங்க வேணா வந்து சொல்வேன், அந்தாளு மூஞ்சிக்கு நேராவே சொல்வேன். ஆனா அந்தப் புள்ள உன்னவிட நல்லா ஆடறான்."

சகாயநாதன் கை முடிச்சிலேயே நின்றது. பிறகு ஒரு பூட்ஸ் கழன்றும் ஒன்று கழலாமலுமாக எழுந்து, வாசலைப் பார்த்து நடந்தான். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

டீம் சென்னைக்குப் போய் இரண்டு சுற்று ஜெயித்து மூன்றாவதில் தோற்றது. ஊரில் அதையே திருவிழாவாகக் கொண்டாடினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் கோலுக்கு வழி செய்தவன் கிருஷ்ணசாமி என்று செய்தி வந்தது. தணிகாசலத்துக்கு மில்லில் மாலை போட்டார்கள். நாட்டார் சொன்னபடியே அந்த வருஷம் கோயில் காரியத்தில் கலியமூர்த்தி வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். மூன்றாம் நாள், "அந்த சகாயநாதன் பய இன்னா ஆனான்?" என்று அவளிடம் கேட்டான்.

சகாயநாதன் மில்லை விட்டுத் துறைமுகத்து டீமில் சேர்ந்துவிட்டான். அஞ்சலாட்சியை வழியில் பார்த்தால் மறுபக்கம் போய்விடுவான். அவளும் பின்னால் ஓடவில்லை.

அடுத்த வருஷம் மாசி மாதம் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ஆட்டம் வந்தது. உப்பளம் மைதானத்தில் நிற்க இடமில்லை. குப்பத்திலிருந்து அஞ்சலாட்சியோடு இன்னும் சில பெண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவள் அழைக்கவில்லை, தானாகத்தான் கிளம்பினார்கள். நடுமைதானத்தில் கிருஷ்ணசாமியும் சகாயநாதனும் நேருக்கு நேர்.

"விடாத கிருஷ்ணசாமி, ஒட்டிக்கினு போ," என்று அவள் கத்தினாள். தொண்டையில் எந்தத் தடையும் இல்லை. சகாயநாதன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னும் ஓங்கிக் கத்தினாள். இரண்டு முறை கிருஷ்ணசாமி அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்கினான். மூன்றாம் முறை சகாயநாதன் பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்த்தான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி மறுபக்கம் போனான். கிருஷ்ணசாமி தரையில் கிடந்தான். பந்து வலையில் இருந்தது. ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது.

கூட்டம் கலைகிறபோது வாசலில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"எக்கா, இப்ப இன்னா சொல்ற?"

"ஒரு கோலு போட்டா ஆச்சா? ரெண்டு தடவ உங்கிட்டேருந்து புடுங்கினான்."

"மூணாவது தடவ?"

"மூணாவது தடவதான் நீ தலையத் திருப்பிப் பாத்த."

"அதக் கவனிச்சியா?" என்றான் சகாயநாதன்.

கவனிக்காமல் பின்னே எதற்கு வருகிறாள் என்று அஞ்சலாட்சி திருப்பிக் கேட்டாள். அவன் முகம் இளகியது. அந்த இரண்டு தடவையும் மண் வழுக்கியதாக்கும் என்று அவன் சொல்ல, மண்மேல் பழி போடாதே என்று அவள் சொல்ல, இருவரும் வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். குப்பத்துப் பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சியாகப் பின்னால் வந்தார்கள்.